கொரியாவில் தங்கப் போகிறவர்களுக்குச் சுற்றுலாக் குறிப்பு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த தென்கொரியா கட்டுரையைப் படித்தோம். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் சூசோக் பண்டிகை நாளில் போய் இறங்கினால் கொரியத் திருவிழாவைக் கண்ணாரக் காணலாம் என்று அதில் சொல்லியிருப்பதை மறுத்து எழுதத்தான் வேண்டும். தில்லியிலிருந்து இப்போது கிளம்பும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் நான்கு நாள் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் அல்ல. மேற்படிப்புக்கும் வேலைக்கும் போய் ஆண்டுக்கணக்கில் தங்குகிறவர்கள். அவர்களுக்கு வேண்டிய தகவல் வேறு.

சியோல்லால் எனும் புத்தாண்டும், சூசோக் எனும் அறுவடைப் பண்டிகையும் வீட்டுக்குள் நடப்பவை. காலையில் முன்னோருக்குப் படையல், புத்தாண்டானால் பெரியவர்களுக்கு விழுந்து வணக்கம், பிறகு கல்லறைக்குப் போய்க் கும்பிடுவது. அங்கே சொந்தபந்தம் இல்லாதவருக்குத் தெருவில் பார்க்க ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும், விடுதி உணவகமும் மூடியிருக்கும். இரண்டு நாளுக்கான அரிசி, காய்கறியை முன்பே வாங்கி வைக்காதவர் இருபத்து நாலு மணி நேரக் கடையின் பொட்டலச் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும்.

இரண்டும் மூன்று நாள் விடுமுறை. ஞாயிறு குறுக்கிட்டால் ஈட்டு விடுமுறை சேரும். நாள் கணக்கு நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு எளிதாகப் புரியும். சியோல்லால் அமாவாசையை ஒட்டியது, சூசோக் சந்திரக் கணக்கின் எட்டாம் மாதப் பௌர்ணமி. 2026-இல் சூசோக் செப்டம்பர் 25. சியோல்லாலுக்குச் சீனப் புத்தாண்டுத் தேதியை எடுத்துப் போடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் இருக்கிறது. அநேகமாக எல்லா ஆண்டும் ஒத்துப்போகும், 2027-இல் ஒத்துப்போகாது. அமாவாசை பெய்ஜிங் நேரப்படி பிப்ரவரி 6 நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்னே விழுகிறது. சியோல் ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் அங்கே அப்போது 7 பிறந்திருக்கும். ஆகவே சீனாவில் 6-ஆம் தேதி புத்தாண்டு, கொரியாவில் 7-ஆம் தேதி.

அந்த நாட்களில் ரயில் இடம் கிடைப்பது தீபாவளிக்குச் சென்னை போகும் வண்டியில் கிடைப்பதைவிடக் கடினம். பண்டிகைக்கான முன்பதிவு பல வாரம் முன்பே, தனி நாளில், தடவாரியாகத் திறக்கும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதல் நாட்கள், மற்றவர்களுக்குப் பிறகு. காலையில் திறந்தால் நல்ல நேரங்களெல்லாம் சட்டென்று தீர்ந்துவிடும். தவறவிட்டவர் சோர வேண்டாம். பதிவு செய்தவர்கள் பணம் கட்டக் கெடு உண்டு. கெடு தாண்டிய இருக்கைகள் திரும்ப விற்பனைக்கு வரும். இன்னொன்று, கூட்டம் போகும் திசை. பண்டிகைக்கு முன் சியோலை விட்டு வெளியே போகிற வண்டிகள் பிதுங்கும், சியோலுக்குள் வருகிறவை காலியாக வரும். பண்டிகை முடிந்ததும் இது தலைகீழ். வெளியூரில் படிக்கிறவர் அந்த மூன்று நாளுக்குச் சியோலுக்கு வருவதுதான் சாமர்த்தியம். கியோங்பொக்குங் உள்ளிட்ட அரண்மனைகளும் அரச கல்லறைகளும் அப்போது நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. அரண்மனை வளாகத்திலுள்ள நாட்டுப்புற அருங்காட்சியகத்திலும் நாம்சான்கோல் பழைய வீடுகள் வளாகத்திலும் குச்சிகளை எறிந்து ஆடும் யுத் விளையாட்டு, குடத்தில் அம்பெறிதல் எல்லாம் யாரும் சேர்ந்து ஆடலாம்.

உண்மையில் அயலார் கலந்துகொள்ளத்தக்க விழாக்கள் வேறு. எங்களைக் கேட்டால் முதலிடம் யோன்துங்ஹ்வே எனும் விளக்குத் திருவிழாவுக்குத்தான். 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. புத்தர் பிறந்தநாள் சந்திரக் கணக்கில் நான்காம் மாதம் எட்டாம் நாள். அதற்கு முன்னால் வரும் ஒரு வார இறுதியில் சனி மாலை ஊர்வலம். தோங்தேமுன் வாயிலில் புறப்பட்டு ஜோங்னோ சாலை வழியே ஜோக்யேசா கோயில் வரை கைவிளக்கோடு ஆயிரக்கணக்கானோர் நடப்பார்கள். சாலையோர நாற்காலிக்கு முன்பதிவு கிடையாது, வெளிச்சம் இருக்கும்போதே போய் உட்கார வேண்டும். ஜோங்னோவில் பேருந்து ஓடாது என்பதை மறந்து பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. முதலாம் எண் சுரங்க ரயிலில் ஜோங்கக் அல்லது ஜோங்னோ 5-கா நிலையத்தில் இறங்குங்கள். ஜோங்கக் பக்கம் கூட்டம் நெருக்கும், 5-கா பக்கம் மூச்சுவிட இடமிருக்கும். மறுநாள் ஞாயிறு ஜோக்யேசாவுக்கு முன்னாலுள்ள தெருவில் தாமரை விளக்கு செய்யச் சொல்லித் தருகிறார்கள். தாளிதழ்களைப் பசை தடவி வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும்.

காங்னுங் ஊரின் தானோஜே, ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளை ஒட்டிப் பல நாள் நடக்கும். சாமியாட்டம், முகமூடிக் கூத்து, ஊஞ்சல், மல்யுத்தம் எல்லாம் ஆற்றங்கரையில். நம் ஊர் அம்மன் கொடைவிழா பார்த்தவருக்கு அன்னியமாக இருக்காது. ஆன்தோங்கில் முகமூடிக் கூத்து விழா செப்டம்பர் இறுதியை ஒட்டி வரும். அதற்குப் போகிறவர்கள் அருகிலுள்ள ஹாஹ்வே கிராமத்துக்கும் ஒரு பகல் ஒதுக்க வேண்டும். 2010-இல் உலக மரபிடமானது அது. ஜின்ஜு ஊரில் அக்டோபரில் ‘நாம்’ எனும் ஆற்றில் விளக்கு மிதக்கவிடுவது 1592 முற்றுகைப் போரின் நினைவாக. விழா வாரத்தில் தங்கும் அறை கிடைப்பது அரிது, சியோல் நாம்பு பேருந்து நிலையத்தில் திரும்பும் சீட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போங்கள். போர்யோங் சேற்றுவிழா ஜூலையில். கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். ஹ்வாச்சொன் பனி மீன்பிடி ஜனவரியில். ஆற்றில் பனிக்கட்டி போதிய தடிமன் ஏறாவிட்டால் தேதி தள்ளிப்போகும், 2020-இல் அப்படித்தான் ஆனது. பணம் திரும்பாத அறையைப் பதிவு செய்வது வீண்.

இனி இசைக் கச்சேரிகள். இதை நீட்டி எழுதக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பலர் அங்கே தடுக்கி விழுவது இங்கேதான், விழ வைப்பது நம் பெயர் முறை. கொரிய இணையத்தளங்களில் சீட்டு வாங்க, கைப்பேசி எண் வழியாக ஆள் அடையாளம் உறுதி செய்ய வேண்டும். குடியிருப்பு அட்டையில் உள்ள பெயரும் கைப்பேசி நிறுவனத்தின் பதிவில் உள்ள பெயரும் ஓர் இடைவெளி பிசகாமல் பொருந்த வேண்டும். கொரியர் பெயர் பெரும்பாலும் மூன்றே அசை. நமக்கோ அப்பா பெயரும் சேர்ந்தால் கட்டம் நிரம்பி வழியும். கைப்பேசிக் கடைக்காரர் சில சமயம் கடைசி எழுத்துகளை வெட்டிவிடுவார், சில சமயம் இரண்டு சொல்லை ஒட்டிவிடுவார், சில சமயம் கொரிய எழுத்தில் பதிந்துவிடுவார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவருக்கு இன்னும் குழப்பம்.

செய்ய வேண்டியது இது. 90 நாளுக்கு மேல் தங்குகிறவர் வந்து 90 நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் பதிவு செய்து இந்தக் குடியிருப்பு அட்டையை வாங்க வேண்டும். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிய சிம்மை வைத்து அடையாளம் உறுதி செய்ய முடியாது. அட்டை வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் எண்ணை அட்டைக்கு மாற்றுங்கள். பதிவுத் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அட்டையில் எந்த வரிசையோ அதே வரிசை, எந்த இடத்தில் இடைவெளியோ அதே இடத்தில், எல்லாம் பெரிய எழுத்தில். கடையை விட்டு இறங்குவதற்கு முன் ஏதாவதொரு தளத்தில் குறுஞ்செய்தி உறுதிப்பாட்டைச் செய்து பாருங்கள். வங்கிக் கணக்கிலும் அதே பெயர்தானா என்று சரிபாருங்கள். நண்பர் பெயரிலோ முதலாளி பெயரிலோ உள்ள எண் இதற்கு உதவவே உதவாது.

பெரிய குழுக்களின் கச்சேரிக்கு முதலில் ரசிகர் மன்ற உறுப்பினருக்கு விற்பனை, பிறகு பொது விற்பனை. உறுப்பினராக இருப்பது மட்டும் போதாது. முன்விற்பனைக்குத் தகுதியை உறுதிசெய்யும் ஒரு தனிப் பதிவு உண்டு. அது விற்பனைக்குப் பல நாள் முன்பே மூடிவிடும். இது தெரியாமல் விற்பனை நாளன்று உட்காருகிறவர்தான் அதிகம். உள்நாட்டுத் தளத்தில் இந்திய வங்கி அட்டை பெரும்பாலும் எடுபடாது, கொரிய வங்கி அட்டை வேண்டும். வங்கி வழியே கட்டுகிறேன் என்று பதிந்து கட்டாமல் விட்டவர்களின் சீட்டுகள் மறுநாள் நள்ளிரவு தாண்டி, பெரும்பாலும் 2 மணியை ஒட்டித் திரும்ப வரும். தூக்கம் போனாலும் சீட்டு கிடைக்கும் நேரம் அது. மென்பொருளால் வாரிச் சுருட்டிய சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்பது 2024 மார்ச்சிலிருந்து குற்றம். அப்படிப்பட்ட சீட்டை வாங்கியவரை வாசலில் அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கைப்பேசியில் உள்ள அட்டைப் புகைப்படம் செல்லாது, அசல் வேண்டும்.

தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகள் வாரம் தவறாமல் நடக்கும். வியாழன் எம்நெட், வெள்ளி கேபிஎஸ், சனி எம்பிசி, ஞாயிறு எஸ்பிஎஸ். ஒளிபரப்புக்கு முன்னரே எடுத்து வைக்கும் ஒளிப்பதிவுகள் விடிவதற்கு முன்பே தொடங்குவதும் உண்டு, அப்போது சுரங்க ரயில் ஓடாது. உறுப்பினர் சான்று, இசைத்தட்டு, பாடலைக் காசு கொடுத்து இறக்கிய ரசீது ஆகியவற்றில் எதைக் காட்ட வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அறிவிப்பைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

சாப்பாடு பற்றிக் கட்டுரை ஒரே வரியில் கடந்து போனது. மாட்டிறைச்சி தவிர்ப்பவரும் சைவரும் கவனிக்க வேண்டியது துண்டுகளை அல்ல, சாற்றை. புத்தாண்டு அன்று சாப்பிடும், அரிசி மாவுத் துண்டுகள் போட்ட தொக்குக் எனும் சூப்பின் சாறு வழக்கமாக மாட்டிறைச்சியில் கொதித்தது. இறைச்சித் துண்டை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றுவார்கள். “சோகோகி யுக்சுயேயோ?” என்று கேளுங்கள், மாட்டுச் சாறா என்பது அதன் பொருள். பருப்பில்லாத வெறும் காய்க் குழம்புபோல் தெரிவதிலும் நெத்திலிச் சாறு இருக்கும். கிம்சி எனும் புளித்த காய்கறி ஊறுகாயில் மீன்சாறோ உப்பிட்ட இறாலோ சேரும். காய்கறிகளோடு கலந்து சாப்பிடும் சோறான பிபிம்பாப்பில் மேலே வைக்கும் மிளகாய் விழுதில் சில கடைகளில் மாட்டுக் கொத்துக்கறி வதக்கிச் சேர்த்திருப்பார்கள். கோயில் சாப்பாட்டில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. இறைச்சி, மீன் இல்லை, வெங்காயம் பூண்டும் கிடையாது. புத்தர் பிறந்தநாள் மதியம் பல கோயில்களில் வருவோர்க்கெல்லாம் காய்கறி பிபிம்பாப் இலவசம். சூசோக் நாளின் சோங்பியோன் எள், பயறு, செஸ்ட்நட் பூரணம் வைத்துப் பைன் ஊசியிலை மேல் ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டைதான். தயங்காமல் சாப்பிடலாம். முதல் மாதப் பௌர்ணமியில் ஐந்து தானியச் சோறும் உலர்ந்த கீரை வதக்கலும் உண்டு. கீரையில் மட்டும் மீன்சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரண்மனைகளின் வார விடுமுறை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. கியோங்பொக்குங்குக்கும் ஜோங்மியோ சன்னதிக்கும் செவ்வாய், சாங்தொக்குங், தொக்சுகுங், சாங்கியோங்குங் மூன்றுக்கும் திங்கள். வேலை முடித்து வருகிறவருக்குத் தொக்சுகுங், சாங்கியோங்குங் இரண்டும் உகந்தவை. இரவு 9 மணி வரை திறந்திருக்கும். கொரிய உடை அணிந்தால் நுழைவு இலவசம் என்பது சரிதான், ஆனால் மேலாடை கீழாடை இரண்டும் வேண்டும்.

கிளம்புமுன் தில்லியிலேயே எழுத்தைக் கற்றுக்கொள்ளலாம். லாஜ்பத் நகரில் 2012 முதல் இயங்கும் கொரியப் பண்பாட்டு மையத்தில் வகுப்புகள் உண்டு. அடிப்படை எழுத்து 24 மட்டுமே.

உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது பக்கத்தில் கொரிய எழுத்திலும் அச்சிடுங்கள். கொரியர்கள் வழி தேடும் நேவர் எனும் இணைய வரைபடத்தில் நம் ஒலிபெயர்ப்பைத் தட்டினால் ஒன்றும் கிடைக்காது, இந்தக் கடிதத்தில் உள்ளவற்றைத் தட்டினாலும் அப்படித்தான். மாகாணப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். குவாங்ஜு என்ற பெயரில் தெற்கே ஒரு பெருநகரமும் சியோலுக்கு அருகில் கியோங்கி மாகாணத்தில் இன்னோர் ஊரும் இருக்கின்றன. கொரிய எழுத்திலும் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், பேருந்துச் சீட்டு வாங்கும்போது எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கொரிய மொழி கற்பிக்கும் தமிழாசிரியர்கள் சிலர்,
முனிர்க்கா, புது தில்லி.