இருட்டில் ஓடும் மகளுக்கு

சுங்கை சிப்புட்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பசியாறிவிட்டாயா? நீ ஜொகூர் பாரு போய்ச் சேர்ந்து பத்து நாளாகிறது. தீபாவளிக்கு வந்த சொந்தமெல்லாம் கிளம்பி, வீடு பழையபடி அமைதியாகிவிட்டது. நீ மறந்துவிட்டுப் போன காலுறையை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே என் குரல் ஏறிவிடும், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுதாகப் படி.

தீபாவளிக்கு மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நீ கேட்டைத் திறந்தபோது நான் விழித்துத்தான் இருந்தேன். சன்னல் வழியாகப் பார்த்தேன். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, காதில் பாட்டு. நம் தாமான் குடியிருப்பின் முகப்பில் இருக்கும் கடைசி விளக்குக் கம்பம் வரைக்கும் தெரிந்தாய். அங்கிருந்து லிந்தாங் சாலைப் பக்கம் திரும்பினாய். அதற்கு மேல் உன்னைக் காணவில்லை. நீ திரும்பி வரும்வரை ஒரு மணி நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும், "பத்து கிலோமீட்டர்ப்பா!" என்று சிரித்தாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை.

ஓடாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ ஓடுவதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். 1966-இல் நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருதை முதன்முதலாகக் கொடுத்தபோது ஆண்களில் ஜெகதீசன், பெண்களில் ராஜாமணி என்று இரண்டு ஓட்டக்காரர்களுமே நம்மவர்கள். உன் தாத்தா தோட்டத்து லயத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் சரவணன் 50 கிலோமீட்டர் நடந்து தங்கம் வாங்கினாரே, அதை நான் டிவியில் பார்த்துக் கண் கலங்கினேன். ஆனால் பாப்பா, சரவணன் நடந்த சாலையைப் போலீஸ் அடைத்து வைத்திருந்தது. நீ ஓடும் சாலையை உனக்காக யாரும் அடைத்து வைக்கவில்லை. அதில் அப்பா மாதிரி ஆட்கள் லாரி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இருபத்தெட்டு வருஷம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை லாரி ஓட்டியவன் நான். அந்த இருக்கையிலிருந்து சாலை எப்படித் தெரியும் என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. ஒரு காரியத்தை மறைத்ததால்தான் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மட்டும்தான் இது தெரியும்.

நீ பிறப்பதற்கு முந்தைய வருஷம். விடியாத நேரம். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெட்டுவிடும். முந்தின நாள் மழையில் மாட்டிக்கொண்ட குலைகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். வேகம் அறுபதுதான். எதிரே ஒரு கார், விளக்கு கண்ணில் அடித்தது. அது என்னைத் தாண்டிய மறு நொடியில், லாரியின் இடது பக்கக் கண்ணாடி எதிலோ மோதியது. நிறுத்தி இறங்கி ஓடினேன். சாலையோர வடிகாலான லோங்காங்குக்குள் ஒருவர் கிடந்தார். வேறொரு தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்பவர், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். கை முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அரை அடி உள்ளே தள்ளி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் திட்டவில்லை. "தம்பி, நீ வர்றது எனக்கு ரொம்ப தூரத்துலேயே தெரிஞ்சுது. ரெண்டு வெளக்கும் அப்படி வெளிச்சமா இருந்துச்சு. எனக்கு அவ்வளவு நல்லாத் தெரியுதே, உனக்கும் என்னைத் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

பாப்பா, அன்று நீ கேட்டைத் தாண்டிப் போனபோது எனக்கு இந்த வார்த்தைதான் காதில் கேட்டது. இருட்டில் சாலையோரம் நிற்பவருக்கு வண்டி நன்றாகத் தெரியும். விளக்கு தன் மேல் விழுகிறது, தன்னை அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று மனசு தானாக முடிவு கட்டிவிடும். ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்து கணக்குப் பார். கூட்டரசுச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகம் சட்டப்படியே போகலாம். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். எதையோ கண்டு, அது என்ன என்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை வினாடி, அதாவது 37 மீட்டருக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கவே ஆரம்பிக்கும். தாழ்ந்த விளக்கில் கறுப்புச் சட்டை போட்ட ஆள் எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் முப்பது, நாற்பது மீட்டரில்தான். எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் அதுவும் இல்லை. இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் துடைத்துவிட்ட மாதிரி மறைந்துபோவார். நான் தூங்கவில்லை, குடிக்கவில்லை, வேகமாகவும் போகவில்லை. அப்படியும் நடந்தது.

அரசாங்கம் 1992-இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும் என்று சட்டம் போட்டதே, ஏன் என்று யோசித்துப் பார். பட்டப்பகலில், நேர் எதிரே வரும் மோட்டாரையே ஓட்டுநர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நீ மோட்டாரை விடச் சின்னவள்.

நம் தீபகற்ப மலேசியாவில் விடிவதே தாமதம். 1982 ஜனவரி 1-ஆம் தேதி முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். மணிதான் மாறியது, சூரியன் மாறவில்லை. ஏழு மணி சுமாருக்குத்தான் சூரியன் எழும்புகிறது, சில மாதங்களில் அதற்கும் மேலே ஆகிவிடும். ஐந்தே முக்கால் என்றால் நடு இருட்டு. உன் பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன காலத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டாமல் லயத்தை விட்டு இறங்கமாட்டாள். மரத்துக்கு மரம் அந்த விளக்கு நகர்வதைப் பார்த்தே இன்னார் எந்த நிரையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவோம். மரம் வந்து இடிக்கப்போவதில்லை, அப்படியும் விளக்கு இருந்தது.

உன் ஊரைப் பற்றியும் விசாரித்தேன். விடியற்காலையில் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் மோட்டாரில் பறக்கிறார்களாம். பாதித் தூக்கத்தில் எழுந்தவர்கள், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள். நெரிசல் என்றால் ஓரமாகப் புகுந்துதான் வருவார்கள். அந்த ஓரத்தில்தான் நீ ஓடுகிறாய். அதனால் ஒன்று செய். இருட்டு இருக்கும்வரை விளக்குள்ள தாமான் தெருக்களுக்குள்ளேயே சுற்று. வெளிச்சம் வந்த பிறகு பெரிய சாலைக்குப் போ. தூரம் குறையாது, வரிசைதான் மாறும்.

சாலையில் ஓடும்போது வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடு. நம் நாட்டில் வண்டி இடது பக்கம் போவதால் நீ வலது ஓரம். வருவது உனக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் ஒதுங்கலாம். இது உனக்குத் தெரிந்ததுதான், அன்றைக்கும் அப்படித்தான் போனாய், கவனித்தேன். ஆனால் அதிலும் மூன்று இடத்தில் ஆபத்து இருக்கிறது. ஓட்டுநராக இருந்ததால் எனக்குத் தெரியும்.

ஒன்று, முந்திச் செல்லும் வண்டி. நம் லிந்தாங் சாலை மாதிரி இரண்டே தடம் உள்ள சாலையில் ஒருவன் முன்னால் போகும் வண்டியை முந்தினால், அவன் வருவது உன் தடத்தில், உன் முதுகுக்குப் பின்னால். எதிரே வண்டி வருகிறதா என்றுதான் அவன் பார்ப்பான். ஓரத்தில் ஆள் ஓடுகிறதா என்று பார்க்கமாட்டான். உன் கண்ணுக்கு அவன் தெரியமாட்டான், காதுக்கு மட்டும்தான் தெரிவான். இன்ஜின் சத்தம் திடீரென்று ஏறினால் புல்லுக்கு இறங்கிவிடு. அதனால்தான் அந்தக் காது மாட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன். பாட்டு வேண்டுமென்றால் திடலில் ஓடும் நாளில் கேள்.

அடுத்தது சந்து. சின்னச் சாலையிலிருந்து இடது பக்கம் திரும்பி வெளியே வருகிறவன் தலை வலது பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் வண்டிகள் அங்கிருந்துதான் வரும். நீ எதிர்முகமாக ஓடி வருவது அவனுடைய இடது பக்கத்திலிருந்து. நான் எத்தனை ஆயிரம் தடவை அப்படி வலது பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் கிளட்சை விட்டிருப்பேன்! சந்து வந்தால் நின்றுவிடு. அவன் கண் உன் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் வண்டிக்குப் பின்னால் சுற்றிப் போ. லாரி என்றால் மூக்குக்குக் கீழே குறுக்கே போகவே போகாதே, உயரமான இருக்கையிலிருந்து அந்த இடம் எங்களுக்குத் தெரியாது. நேரம் கெடுகிறது என்று அந்தக் கைக்கடிகாரத்தைப் பார்க்காதே, அதை நிறுத்தி வைக்கும் பொத்தான் இருக்கிறது என்று நீதான் எனக்குக் காட்டினாய்.

மூன்றாவது, வலது பக்கம் வளையும் வளைவு. பாலத்துக்கு அப்பால் செம்பனை சாலை வரைக்கும் கவிந்து நிற்கிறதே, அந்த இடம். உள்வளைவில் நீ இருந்தால், எதிரே வருகிறவன் வளைவைச் சுருக்கி ஓரத்தை ஒட்டித்தான் வருவான். மரம் மறைப்பதால் இருவருக்கும் தெரியாது. வளைவு வருவதற்கு முன்பே, நேராகத் தெரியும் இடத்தில், இரு பக்கமும் பார்த்து வெளி ஓரத்துக்கு மாறிவிடு. தாண்டியதும் திரும்பி வா. அங்கே லாரியிலிருந்து உதிர்ந்த பழமும் கிடக்கும். மழை பெய்திருந்தால் அதில் கால் வைத்தவர் சாலைக்கு நடுவில்தான் போய் விழுவார். நாய் துரத்தினாலும் சாலைக்குள் ஓடாதே, நின்று கத்து. அடையாள அட்டையும் என் நம்பர் எழுதிய சீட்டும் இடுப்புப் பையில் இருக்கட்டும்.

இனி பார்சல் விஷயம். முறுக்குக்கு அடியில் துணிப்பட்டை நான்கு இருக்கும். மோட்டார் கடையில் மின்னும் பட்டை வாங்கினேன், அம்மா தைத்தாள். நீ வைத்திருக்கும் மஞ்சள் சட்டை பகலில் பளிச்சென்று தெரியும், ராத்திரியில் அதுவும் சாம்பல்தான். இந்தப் பட்டை, விழுந்த வெளிச்சத்தை அடித்தவனிடமே திருப்பி அனுப்பும். போன வெள்ளிக்கிழமை ராத்திரி சோதித்தும் பார்த்தோம். தோட்டத்துக்குள் போகும் ஆளில்லாத தார்ச்சாலையில் காரை நிறுத்தித் தாழ்ந்த விளக்கைப் போட்டேன். அம்மா கருநீலச் சட்டையோடு நடந்து போனாள். அறுபது எட்டு எண்ணுவதற்குள் எனக்கு அவள் இல்லை. பாப்பா, அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, கூப்பிட்டுவிட்டேன். பிறகு பட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நடந்தாள். இருநூறு எட்டுக்கு அப்பாலும் இரண்டு வெள்ளைக் கோடு மாறி மாறி ஏறி இறங்குவது தெரிந்தது. நெஞ்சில் மட்டும் கட்டினால் தூரத்தில் சாலைக் கம்பம் என்று நினைத்துவிடுவோம். காலும் கையும் ஆடினால்தான் ஆள் வருகிறது என்று உடனே புரியும். அதனால் இரண்டு கணுக்காலுக்கு, இரண்டு மணிக்கட்டுக்கு.

கட்டிக்கொண்டாலும், அவர்கள் உன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நம்பிவிடாதே. அந்த மனிதர் சொன்னதை நினைத்துக்கொள்.

ஓட்டத்துக்குக் கிளம்பும்போது ஒரு செய்தி, வீடு திரும்பியதும் ஒரு செய்தி. எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.

பட்டையைத் துவைக்கும்போது பிரஷ் போட்டுத் தேய்க்காதே, மினுக்கம் போய்விடும். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் போடு. கணுக்கால் பட்டை தளர்வாக இருந்தால் சொல், அம்மா உன் அளவை உத்தேசமாகத்தான் வைத்துத் தைத்தாள்.

அன்புடன்,
அப்பா