மெய்ப்பையும் உரையா நாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைத் தமிழர் உடைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, சங்கப் பாடலான முல்லைப்பாட்டில் யவனர் (மேலைநாட்டிலிருந்து வந்தவர்) அணிந்துவரும் ‘மெய்ப்பை’யை, அதாவது சட்டையை, கடல் வணிகத்துக்குச் சான்றாக மட்டும் காட்டியிருக்கிறது. பல ஆண்டுகள் அப்பாட்டை வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

103 அடிகளே கொண்ட அப்பாட்டில், அரசனின் பாசறையைக் காட்டும் நப்பூதனார், ‘மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து, வலிபுணர் யாக்கை, வன்கண் யவனர்’ என்கிறார். சட்டையைச் சொன்ன கையோடு அச்சத்தையும் சொல்லிவிடுகிறார். சில அடிகள் கழித்து, அரசனின் பள்ளியறைக்கு அருகே நிற்பவர்கள் ‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்’, அதாவது அயல்நாட்டார், ஆகிறார்கள். படம் என்பதும் சட்டையே. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அவர்களை ஊமையர் என்று கொள்கிறார். நம் மொழி அறியாமல் சைகையால் பேசியவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

சட்டை போட்டவரெல்லாம் அயலார் என்பது அக்காலப் புலவர்களின் எண்ணம் அன்று. பெரும்பாணாற்றுப்படையில் வழிச்செல்லும் வணிகரும் ‘அடிபுதை அரணம் எய்திப் படம்புக்கு’த்தான், அதாவது செருப்பணிந்து சட்டையிட்டுத்தான் வருகிறார்கள், அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார் அவர்களுடைய புண் தீர்ந்த மார்பை வியந்து பாடுகிறார். அதே சட்டை, அதே சொல். பேச்சு மறுக்கப்பட்டவன் மேல் கிடக்கும்போதுதான் அது மிரட்டுகிறது.

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் இதன் மறுபக்கம் இருக்கிறது. கப்பல் கவிழ்ந்து கரை ஒதுங்கிய, ஆதிரையின் கணவன் சாதுவனை உண்ண வருபவர்கள் ‘நக்க சாரணர்’, அதாவது ஆடையற்றவர்கள். இங்கே ஆடையின்மையே அயன்மையின் அடையாளம். அவர்கள் தலைவன் துணைவியோடு அமர்ந்திருப்பதைக் கரடி தன் பெண் கரடியோடு இருந்ததற்கு ஒப்பிடும் அளவுக்கு நூலாசிரியர் சாத்தனார் போகிறார். ஆனால் சாதுவன் அவர்கள் மொழியைக் கற்றவன். அவன் பேசியதும் அவர்கள் விலகித் தொழுகிறார்கள். சாதுவன் அறம் உரைக்க, கள்ளையும் ஊனையும் கைவிட்டால் உடம்பு எப்படி வாழும் என்று அந்தத் தலைவனே வாதாடுகிறான். முல்லைப்பாட்டின் மிலேச்சருக்குக் கிடைக்காத நாக்கு இவனுக்குக் கிடைத்துவிட்டது. முடிவில் அவன் சாதுவனுக்கு வழங்கும் பொருள்களில் மணமுள்ள மரங்களோடு ‘மென் துகி’லும் இருக்கிறது. ஆடையற்றவன் ஆடை கொடுத்தனுப்பும் அந்த இடத்தை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

கட்டுரையாளர் தம் ஆய்வைத் தொடர்வதாயின், இந்தக் காதையையும் முல்லைப்பாட்டுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்