டேனியல் பூன் வீட்டுக்காரி

அன்பு மகளுக்கு,

லெக்சிங்டனில் குளிர் குறைந்ததா? சின்னவனுக்குச் சளி விட்டதா? இங்கே எல்லாரும் சௌக்கியம்.

நீ சொல்லிவிட்டுப் போன 'டேனியல் பூன்' டிவி தொடரைச் சாப்பாடு முடிந்ததும் நானும் அப்பாவும் பார்க்கிறோம். நீங்கள் இருக்கிற கென்டக்கியில்தான், காட்டுக்குள் கோட்டை கட்டிக் குடியேறிய அமெரிக்க வேட்டைக்காரர் பூனின் கதை. 1964-லிருந்து 1970 வரை ஓடியதாம், 165 பாகம். முதல் வருஷம் கறுப்பு வெள்ளை, அப்புறம்தான் கலர். அப்பாவுக்குப் பூனாக நடிக்கிற ஃபெஸ் பார்க்கரின் உயரத்தைப் பார்த்தே அலுக்கவில்லை. எனக்குப் பிடித்தது பூனின் தோழன் மிங்கோ. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த செரோக்கிப் பழங்குடிக்காரன் என்று எவர் யோசித்தாரோ! நடித்த எட் ஏம்ஸ் நிஜத்தில் பாடகர், உக்ரைனிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை.

நான் எழுத வந்தது பூனின் மனைவி ரெபெக்காவைப் பற்றி. தொடரில் அவளுக்கு இரண்டே பிள்ளைகள், ஜெமைமாவும் இஸ்ரேலும். இரண்டு வருஷம் கழித்து ஜெமைமாவையே காணோம்! பெண் எங்கே போனாள் என்று பெற்றவர்கள்கூடக் கேட்கவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. நிஜ பூன் குடும்பத்தைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அந்த ரெபெக்கா பெற்றது பத்துப் பிள்ளைகள். ஜெமைமாவும் சும்மா மறைந்துபோகிற பெண் இல்லை. 1776 ஜூலையில், பதின்மூன்று வயதில், தோழிகள் இரண்டு பேரோடு ஆற்றில் படகில் போனபோது ஷானி, செரோக்கிப் பழங்குடி ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுடைய வேட்டைக்காட்டில் கோட்டை கட்டினால் கோபம் வராதா, அது வேறு கதை. அந்தப் பெண்கள் போகிற வழியெல்லாம் குச்சியை ஒடித்து, துணியைக் கிழித்துப் போட்டு, குதிகாலைச் சேற்றில் அழுத்தி அடையாளம் வைத்தார்கள். மூன்றாம் நாள் பூன் வந்து மீட்டுவிட்டார்.

1778-இல் மாட்டியது பூன். பிப்ரவரியில் ஷானிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் தலைவர் பிளாக்ஃபிஷ் (கறுப்புமீன் என்று அர்த்தம்) அவரை மகனாகவே தத்தெடுத்துக்கொண்டார். ஜூனில் தப்பி, நாலே நாளில் 160 மைல் கடந்து தன் கோட்டை இருந்த பூன்ஸ்பரோவுக்கு வந்தால், வீட்டில் ரெபெக்கா இல்லை. புருஷன் செத்துவிட்டார் என்றே நினைத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வட கரோலைனாவுக்குப் பிறந்த வீட்டு ஜனங்களிடம் போய்விட்டாள். கல்யாணமாகியிருந்த ஜெமைமா மட்டும் கோட்டையிலேயே இருந்தாள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலை தாண்டிப் போன அந்தப் பயணத்தைப் படமெடுத்திருந்தால் நான் இரண்டு தடவை பார்த்திருப்பேன். தொடரின் ரெபெக்காவோ தலை கலையாமல் அடுப்படியில் நிற்கிறாள்.

இஸ்ரேலைப் பற்றிச் சின்னவனிடம் இப்போது சொல்லாதே. தொடரில் அவன் வளரவே மாட்டான். நிஜ இஸ்ரேல் 1782 ஆகஸ்டில் கென்டக்கியிலேயே நடந்த புளூ லிக்ஸ் சண்டையில், அப்பா கண்ணெதிரே செத்தான். இருபத்துமூன்று வயசு. அதற்கு முன்னால் 1773-லேயே மூத்தவன் ஜேம்ஸையும் பறிகொடுத்தவள் ரெபெக்கா.

பூன்ஸ்பரோவில் கோட்டையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்களாம், உங்களுக்குப் பக்கம்தான். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும்போது போய்வாருங்கள். ரெபெக்காவைப் பற்றி ஏதாவது வைத்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. சின்னவன் தொடரில் பூன் போடுகிற, வால் வைத்த ரக்கூன் தோல் தொப்பி கேட்பான். நிஜ பூனுக்கு அது பிடிக்காது, அவர் போட்டது ஃபெல்ட் தொப்பி என்று சொல்லிப் பார். கேட்கமாட்டான், வாங்கிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா