30 நாள் வகுப்புக்கு நகையை அடகு வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டுப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து "30 நாளில் பைத்தான், உடனே வேலை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். பைத்தான் என்பது கணினிக்கு புரோகிராம் எழுதும் ஒரு மொழி. போன வாரம் பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடியின் கீழ் வீட்டு அக்கா அப்படி ஒன்றைக் காட்டி, "தம்பி, மூவாயிரம் வெள்ளி கேக்குறாங்க, சங்கிலிய அடகு வச்சுக் கட்டிடவா?" என்றார். வேண்டாம்க்கா என்றேன். ஏன் வேண்டாம் என்பதைப் படிக்கட்டில் நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை, அவரைப் போல இன்னும் எத்தனையோ பெற்றோர் இதே யோசனையில் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனை இயந்திரங்களுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை, 20 வருடத்துக்கு மேலாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை.

30 நாளில் ஒன்றும் வராது என்று நான் சொல்லவில்லை. பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்களே மொத்தம் 35தான், சுறுசுறுப்பான பிள்ளை ஒரு மாதத்தில் அவற்றில் முக்கியமானதைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன புரோகிராம் எழுதிவிடும். அது ஒரு மொழியை எழுத்துக் கூட்டிப் படிப்பது மாதிரி. அதை வைத்து யாரும் சம்பளம் கொடுக்க மாட்டார்கள்.

என்னிடம் வரும் ஒரு பையன் அவன் மாமாவின் மளிகைக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதினான். இரண்டு மாதம் படித்திருந்தான், திரையில் எல்லாம் அழகாக வந்தது. வெங்காயம் 1.78, பருப்பு 2.43, இஞ்சி 3.04 என்று போட்டால் 7 வெள்ளி 30 சென் என்று காட்டியது. கையால் கூட்டிப் பாருங்கள், 7.25தான் வரும். நம் நாட்டில் 2008 ஏப்ரலில் இருந்து ரொக்கமாகக் கொடுக்கும்போது பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்கு ரவுண்ட் செய்கிறோம், இவன் ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக ரவுண்ட் செய்து பிறகு கூட்டியிருக்கிறான். பைத்தானில் ஒரு பிழையும் இல்லை, கடைக்கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அதைச் சரி செய்தான், அப்புறம் இன்னொன்று முளைத்தது. பத்து சென்னை மூன்று தடவை கூட்டி அது 30 சென்னுக்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது, ஏனென்றால் கணினியால் 0.1 என்ற தசமத்தை இரும எண் முறையில் (0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் முறை) துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது, கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். வெள்ளியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சென் கணக்கில் முழு எண்ணாக வைக்க வேண்டும் என்று அவனே கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நான் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று வாரம் எந்த 30 நாள் பாடத்திலும் அடங்காது.

என் கதையும் அதேதான். கல்லூரியில் சி என்ற இன்னொரு கணினி மொழியை ஒரு பருவத்தில் படித்துத் தேறிவிட்டேன், வேலையில் சேர்ந்ததும் வேறொருவர் எழுதி வைத்துவிட்டுப் போன ஆயிரக்கணக்கான வரிகளைக் கையில் கொடுத்தார்கள். அதை ஆள் துணையில்லாமல் மாற்ற என்னை நம்பியது ஒரு வருடம் கழித்துத்தான். பிறகு பைத்தானுக்கு வந்தபோது மூன்று வாரத்தில் எழுத ஆரம்பித்தேன், உண்மை, இரண்டாவது மொழி சீக்கிரம் வரும். ஆனாலும் சி மொழிப் பழக்கத்திலேயே பைத்தானை எழுதிக்கொண்டிருந்ததை விட்டொழிக்க இன்னொரு வருடம் பிடித்தது. கற்ற மொழியும் அப்படியே நிற்பதில்லை. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பழைய பதிப்பான பைத்தான் 2-க்கு ஆதரவை நிறுத்தினார்கள், அதில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2, பைத்தான் 3-இல் 2.5. எங்கள் பழைய புரோகிராம்களில் வகுத்தல் வரும் ஒவ்வொரு இடத்தையும் உட்கார்ந்து பார்த்தோம்.

என் அனுபவத்தில், தினமும் இரண்டு மணி நேரம் விடாமல் உட்காரும் பிள்ளைக்குப் பார்க்காமல் எழுத மூன்று மாதம், பிறர் நம்பி வேலை கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல், யார் துணையும் இல்லாமல் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க இரண்டு மூன்று வருடம். காசு கொடுத்துப் படிப்பது தப்பே இல்லை. கட்டுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: என் பிள்ளை எழுதும் புரோகிராமை யார் வரிவரியாகப் படித்துத் திருத்துவார், வாரத்தில் எத்தனை தடவை? வீடியோவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வீடியோ இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது, பைத்தானை இறக்கிக்கொள்ளவும் ஒரு சென் செலவில்லை.

அக்கா சங்கிலியை வைக்கவில்லை. அவர் மகன் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறான், என்னிடம் இருக்கும் பழைய லேப்டாப்புக்கு ஒரு சார்ஜர் மட்டும் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு