ஐயாவின் பாராட்டு விழாவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

நம் முன்னாள் எம்.எல்.ஏ. ஐயாவுக்கு எடுத்த பாராட்டு விழாவும், அவருடைய சட்டமன்ற உரைத் தொகுப்பின் வெளியீடும் நல்லபடியாக நடந்து முடிந்தன. மேடையில் நன்றியுரைக்குக் கிடைத்த நேரத்தில் யாரையும் முறையாகக் குறிப்பிட முடியவில்லை. ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி பேரவை நூலக ஊழியர்களுக்கு. ஐயா முதன்முதலாகக் கோட்டைக்குப் போனது 1989-இல். அந்தப் பேரவை 1991 ஜனவரியிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. இரண்டே ஆண்டில் புது உறுப்பினர் ஒருவர் என்ன பெரிதாகப் பேசியிருப்பார் என்ற எண்ணம் குழுவில் சிலருக்கு இருந்தது. நூலகத்தார்தான் விடவில்லை. மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசிய உரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், துணைக் கேள்விகளையும் பாருங்கள் என்றார்கள். அடுத்தவர் கேட்ட வினாவுக்கு அமைச்சர் பதில் சொல்லும்போது, நடுவில் எழுந்து தன் ஊர்ப் பிரச்சினையையும் கோத்துக் கேட்பதுதான் துணைக் கேள்வி. அவற்றைக் கண்டுபிடிக்கப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அவர்களும் எங்களோடு உட்கார்ந்து புரட்டினார்கள். தொகுப்பின் உயிரே அந்தப் பகுதிதான்.

ஓய்வுபெற்ற பேரவை நிருபர் ஒருவர் மெய்ப்புத் திருத்த வந்தார். அவையில் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுப்பவர்கள் இவர்கள். சில நிமிடங்களுக்கு ஒருவர் என்று மாறி மாறி உள்ளே போய் எழுதிவிட்டு வருவார்கள். "மேசையைத் தட்டும் ஒலி", "குறுக்கீடு" என்று வரும் குறிப்புகளை இடத்தை மிச்சப்படுத்த நீக்கிவிடலாம் என்றிருந்தோம். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தார். எந்த இடத்தில் அவை சேர்ந்து தட்டியது, எந்த இடத்தில் ஐயாவைப் பேசவிடாமல் சத்தம் எழுந்தது என்பதும் வரலாறுதானே! அவர் சொன்னபடியே விட்டுவிட்டோம்.

அப்புறம், ஐயா வீட்டு அம்மா. ஐயாவிடம் வந்த மனுக்களின் நகல்களை இத்தனை காலமும் டிரங்குப் பெட்டிகளில் பத்திரமாக வைத்திருந்தவர் அவர். 1986 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. நடுவில் பல ஆண்டுகள் பஞ்சாயத்துத் தலைவர் என்று ஊரில் யாருமே கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் சரி, பட்டா மாறுதல் என்றாலும் சரி, முதியோர் உதவித்தொகை நின்றுபோனாலும் சரி, ஜனங்கள் வந்து நின்றது ஐயா வீட்டுத் திண்ணையில்தான். பதவியில் இல்லாத நாளிலும் அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஒவ்வொரு மனுவின் ஓரத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. "தாசில்தாரிடம் பேசியாச்சு." "இன்னும் பதில் இல்லை, திங்கட்கிழமை நேரில் போகணும்." "கிடைச்சாச்சு." விழாவில் வைத்த கண்காட்சியில் கூட்டம் அதிகம் நின்றது இந்த மனுக்கள் இருந்த சுவரின் முன்னால்தான். மனுதாரர்களின் பெயர்களையும் முகவரிகளையும் ஒன்றுவிடாமல் மறைத்து நகலெடுத்துக் கொடுத்த கல்லூரி மாணவ மாணவியருக்கு என் தனிப்பட்ட நன்றி. பொறுப்பான வேலை அது. நாங்கள் சொல்வதற்கு முன்பே அவர்களாகவே யோசித்துச் செய்தார்கள்.

தரைப்பாலக் கதையைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தால் அக்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பிரசவ வலி வந்தால் கட்டிலில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக வேண்டும். "உயர்மட்டப் பாலம் கட்ட அரசு ஆவன செய்யுமா?" என்று ஐயா கேட்டார். நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. மறு ஆண்டும் அதே கேள்வி, ஏறக்குறைய அதே பதில். ஒருமுறை அமைச்சர் அவையிலேயே ஆய்வு செய்கிறோம் என்று சொல்லிவிட, ஐயா அதைப் பிடித்துக்கொண்டார். அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதி நிறைவேறியதா என்று கேட்க உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையில் இருக்கிறது. அங்கே அந்தக் கோப்பைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டார். அதற்குள் தேர்தல் வந்தது, அவர் தோற்றார். பாலம் திறக்கும்போது அவர் உறுப்பினர் இல்லை. கல்வெட்டிலும் அவர் பெயர் இல்லை.

இதை நாங்கள் சொல்லியிருந்தால் கட்சிக்காரர்கள் பேச்சு என்று போயிருக்கும். சொன்னவர், அந்தத் தேர்தலில் ஐயாவைத் தோற்கடித்தவர். அழைப்பிதழ் கொடுக்கப் போனபோதே வருகிறேன் என்றார். வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார். பாலத்துக்கான வேலையில் பெரும்பங்கு தனக்கு முன்பே முடிந்திருந்தது என்று மேடையிலேயே சொன்னார். அவர் வராவிட்டாலும் விழா நடந்திருக்கும்; ஆனால் ஐயா முகத்தில் அந்த மலர்ச்சியைப் பார்த்திருக்க மாட்டோம். அவருக்கு எங்கள் குழு காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு என்று பொறுப்பெடுத்த இளைஞர்களுக்கும், கூட்டத்தை ஒழுங்குபடுத்திய காவலர்களுக்கும், மறுநாள் காலையில் மண்டபத்தைச் சுத்தம் செய்து கொடுத்த தூய்மைப் பணியாளர்களுக்கும், நிதி தந்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

சால்வை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று ஐயா கேட்டிருந்தார். வந்த புத்தகங்களைக் கிளை நூலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். வரவு செலவுக் கணக்கும் அங்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. கண்காட்சிக்குப் பழைய புகைப்படங்களும் கடிதங்களும் தந்தவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். வர முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
விழாக் குழுவினர் சார்பில் ஒருங்கிணைப்பாளர்