மூளை ஸ்கேனுக்கு முன் சாப்பாடும் மயக்க மருந்தும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். மூளை எந்தளவு குளுக்கோஸைச் செலவிடுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனுக்கு முன்பதிவு செய்வோரிடம், நான்கு முதல் ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உட்கொள்ளாமல் வாருங்கள் என்றும், தூக்க மாத்திரை போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். இது வெறும் சம்பிரதாயம் அன்று என்பதால் காரணத்தை எழுதுகிறோம்.

நாங்கள் ஊசி வழியாகச் செலுத்தும் எஃப்.டி.ஜி. என்ற, குளுக்கோஸை ஒத்த கதிரியக்க மருந்து, குளுக்கோஸ் போகும் வழியிலேயே மூளைக்குள் போகிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் இரண்டும் ஒரே வாசலில் முண்டியடிப்பதால், உள்ளே சேரும் மருந்து குறைந்து படம் மங்கிவிடும். ஊசிக்கு முன் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பது இதற்காகத்தான். டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் வேறு நாள் குறிப்போம். அதற்கு அஞ்சிப் புறப்படும் நேரத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டால், எஃப்.டி.ஜி. மூளைக்குப் போகாமல் தசைகளுக்குள் போய்விடும். நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் நேரங்களைத் தம் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

மயக்க மருந்தின் விளைவு இதைவிடப் பெரிது. ப்ரோபோஃபால் போன்ற மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போது மூளை செலவிடும் குளுக்கோஸ் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும். அந்தப் படத்தைப் பார்க்கும் மருத்துவர் அதை நோயின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு. எஃப்.டி.ஜி.யின் பெரும்பகுதி ஊசி போட்ட முதல் 20 முதல் 30 நிமிடங்களுக்குள் மூளையில் சேர்ந்துவிடுவதால், அதுவரை மங்கலான வெளிச்சத்தில், பேசாமல், விழித்தபடி படுத்திருக்கச் சொல்கிறோம். "குழந்தை அழுகிறதே, இப்போதே தூங்க வைத்துவிடுங்களேன்" என்று பெற்றோர் கேட்கும்போது நாங்கள் தயங்குவது கல்நெஞ்சத்தால் அன்று. அந்த அரைமணி கடந்தபின் மயக்கம் கொடுத்தால் மூளையில் சேர்ந்த மருந்தின் அளவு பெரிதும் மாறாது.

எம்.ஆர்.ஐ. சங்கதி வேறு. அங்கே மயக்கத்துக்கு முன் பட்டினி இருப்பது, வாந்தி நுரையீரலுக்குள் போகாமல் இருக்கவே: இலேசான உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த நீருக்கு 2. ஆனால் மயக்கத்தின்போது 100 விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்தால், ஃப்ளேர் என்ற வகைப் படத்தில் மூளையைச் சூழ்ந்த நீர் வெளிறி, இரத்தக்கசிவு போலவே தோன்றும். எனவே ஆக்சிஜன் அளவையும் அறிக்கையோடு எழுதி அனுப்புகிறோம். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனைக்கு மட்டும் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். சர்க்கரை தாழ்ந்தால் அலைகள் மந்தமாகும்.

அண்மையில் ஒருவரின் பெட் ஸ்கேன் படம் முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தது. பயத்தில் காலையில் ஒரு தூக்க மாத்திரை போட்டதாக அவருடைய மகள் பிறகுதான் சொன்னார். மீண்டும் ஒருமுறை கதிரியக்க ஊசி போட நேர்ந்தது. இனி வரவேற்பில் தரும் படிவத்தில், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் போட்ட மாத்திரையின் பெயரையும் அருள்கூர்ந்து எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்கேன் மையத்தார்