கொடிக்கயிற்றைச் சரிசெய்த அண்ணனுக்கு நன்றி

ஆகஸ்ட் 15 எங்களுக்கு இரட்டைத் திருநாள். மாதா விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதைக் கொண்டாடும் விண்ணேற்புப் பெருவிழாவும் நாட்டின் விடுதலை நாளும் ஒரே காலையில் வருகின்றன. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் விண்ணேற்பை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1950இல்தான். தூத்துக்குடி மாவட்டம் காமநாயக்கன்பட்டிக் கோவிலில் இருக்கும் பரலோக மாதாவை, அதாவது விண்ணேற்பு மாதாவை, தேடி நம் சனங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே போகத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வருஷம் திருப்பலி முடிந்து கொடிக்கம்பத்தடியில் கூடினோம். பாதியில் கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. யாரையும் வெடுக்கென்று இழுக்க விடாமல், நீங்கள் கொடியை மெல்ல இறக்கி, தரையில் படாமல் இரு கைகளிலும் ஏந்தி என் மகளிடம் கொடுத்தீர்கள். ஏணியில் ஏறிச் சிக்கலை எடுத்தீர்கள். அப்புறம் காவி மேலே இருக்கிறதா என்று பார்த்துக் கட்டினீர்கள். கொடி மண்ணில் படக் கூடாது என்ற விதி அவள் மனதில் அன்றைக்குப் பதிந்துவிட்டது.

நாட்டுப்பண் முடிந்து மிட்டாய் கொடுக்கும்போது தேடினோம், உங்களைக் காணோம். பங்கில் எந்த அன்பியம் (அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு) என்றும் யாருக்கும் தெரியவில்லை. மனமார்ந்த நன்றி அண்ணே. இதைப் படித்தால் ஒரு ஞாயிறு பூசைக்கு வாங்க. எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.